உருண்டை எழுத்தும் உப்புக் காற்றும்

"சிவில்காரன் நீ. சிமெண்ட்டு, கம்பின்னு எழுதிடாதப்பா. குடும்பத்தோட வர்றவங்களும் படிக்கிற மாதிரி ஏதாவது வரலாறு எழுது." மலர்க்குழுவிலிருந்து வந்த அன்புக் கட்டளை இது. சரி என்று ஒப்புக்கொண்டு நான் எடுத்துக்கொண்டது எழுத்தைப் பற்றிய வரலாறு. இலக்கியத்தைச் சொல்லவில்லை, எழுத்தின் உடம்பைச் சொல்கிறேன். கடைப் பலகையிலும், படகிலும், செல்போன் திரையிலும் கொழுகொழுவென்று, முனையெல்லாம் மழுங்கி, சிரித்த முகமாய் நிற்கிற உருண்டைத் தமிழ் எழுத்து இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? அதனால் யாருக்கு என்ன பயன்? இதுதான் விஷயம்.

"இதுக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்பவர்களை முதல் வருஷ டிராயிங் ஹாலுக்கு அழைக்கிறேன்.

டிராயிங் ஹாலில் கற்ற பாடம்

மெக்கானிக்கலோ, சிவிலோ, எலெக்ட்ரிக்கலோ, யாராக இருந்தாலும் முதல் ஷீட் 'லெட்டரிங்' தானே! கோடு போட்டு, கோட்டுக்குள் எழுத்தை அடக்கி, 'ஆர்' எழுத்தின் கால் கொஞ்சம் நீண்டாலும் திரும்ப எழுது என்று ஷீட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். எழுத்தின் உயரம் 2.5, 3.5, 5, 7, 10 மி.மீ. என்று படிப்படியாகப் போகும். ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் சுமார் 1.4 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூலம். கோட்டின் தடிமன் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு. ஐ.எஸ்.ஓ. 3098 என்ற உலக விதியும், நம் நாட்டு ஐ.எஸ். 9609 விதியும் சொல்வது இதைத்தான்.

அந்த எழுத்தை இப்போது நினைவுபடுத்திப் பாருங்கள். ஆங்கில அச்செழுத்தின் கால் நுனியில் குட்டியாக ஒரு குறுக்குக்கோடு இருக்குமே, அதற்குச் 'செரிஃப்' என்று பெயர். நம் டிராயிங் எழுத்தில் அது கிடையாது. எல்லா இடத்திலும் ஒரே தடிமன். கோடு முடிகிற இடம் வெட்டினாற்போல் இருக்காது, அரைவட்டமாக முடியும். காரணம் ரொம்பச் சுலபம். மை பேனாவின் முனை ஒரு வட்டக் குழாய். வட்டத்தை இழுத்துக்கொண்டே போய் நிறுத்தினால் கடைசியில் அரைவட்டம்தானே வரும்? உலோகத் தகட்டில் எழுத்துக் கடைகிற இயந்திரத்திலும் இதே கதைதான். சுழலும் உளி வட்டம், ஆகவே எழுத்தின் முனையும் வட்டம்.

அதாவது, முனை உருண்ட எழுத்தை யாரோ அழகுக்காக உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. கருவி விட்டுப்போன தடம் அது. பின்னால்தான் உலகம் அதில் ஒரு நட்பைக் கண்டது. 1979-ல் ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் கார் கம்பெனிக்காக முனை உருண்ட எழுத்து வகை ஒன்று செய்யப்பட்டுப் பிரபலமாயிற்று. 1994-ல் மைக்ரோசாஃப்ட்டில் இருந்த வின்சென்ட் கொனேர், படக்கதைப் புத்தகங்களில் கையால் எழுதியிருப்பதைப் பார்த்து 'காமிக் சான்ஸ்' எழுத்தை வரைந்தார். கேலி செய்தவர்கள் ஆயிரம் பேர், பயன்படுத்தியவர்கள் கோடிப் பேர். ஆபீஸ் சர்க்குலரின் விறைப்பு இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரர் பேசுகிற மாதிரி அது பேசியது. அதுதான் அதன் பலம்.

இதெல்லாம் சீமைக் கதை. நம் ஊர்க் கதை இதைவிடப் பழையது. அதற்கு உங்களை நான் வேலை பார்த்த கரைக்கு அழைத்துப் போகவேண்டும்.

மரக்காணம் கரை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகிறவர்கள் மரக்காணம் பக்கம் வந்ததும் வண்டியை ஓரங்கட்டிப் போட்டோ எடுப்பார்கள். சாலையோரம் சதுரம் சதுரமாய் உப்புப் பாத்திகள், அம்பாரம் அம்பாரமாய் வெள்ளை உப்பு. ஒருபக்கம் கழுவேலி என்ற பெரிய உவர்நீர் ஏரி. அது கடலைத் தொடுகிற இடையன்திட்டு முகத்துவாரம். ஆந்திராவில் காக்கிநாடாவிலிருந்து கடலோரமாகவே வரும் பக்கிங்காம் கால்வாய் தெற்கே வந்து முடிவதும் மரக்காணம் அருகேதான். ஒரு காலத்தில் உப்பும் விறகும் படகேறிச் சென்னை போன வழி அது.

ஊரும் லேசுப்பட்ட ஊர் இல்லை. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில் வருகிற எயிற்பட்டினம் மரக்காணமே என்று கருதும் அறிஞர்கள் உண்டு. இங்குள்ள பூமீஸ்வரர் கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. உப்பளம் என்ற சொல்லில் உள்ள 'அளம்' அந்தக் காலத்திலேயே உப்பு விளையும் நிலத்துக்குப் பெயர்.

இந்தக் கரையை மையமாக வைத்துக்கொண்டு வடக்கேயும் தெற்கேயும் கொஞ்சம் நடந்தால் தமிழ் எழுத்தின் வரலாற்றையே ஒரு சுற்று பார்த்துவிடலாம். சும்மா ஊர்ப்பெருமைக்குச் சொல்லவில்லை.

கீறல், வெட்டு, ஓலை

தெற்கே புதுச்சேரியைத் தாண்டினால் அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த இடம். ரோமானியரோடு வாணிபம் நடந்த அந்தத் துறைமுகத்தில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. கூர்முனையால் ஓட்டில் கீறினால் தடித்தது மெலிந்தது என்ற பேச்சே இல்லை. முழுக்க ஒரே கோடு.

மேற்கே செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்று. அங்கே பாறையில், உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட ஒரு சமண ஆசிரியரைப் பற்றிய கல்வெட்டு இருக்கிறது. சுமார் ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டு. தமிழி எழுத்து மெல்ல மெல்ல வளைந்து வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்தை அதில் பார்க்கலாம். வட்டெழுத்து! பெயரைக் கவனியுங்கள். பாண்டிய நாட்டிலும் சேர நாட்டிலும் பல நூற்றாண்டுகள் அதுதான் வழக்கில் இருந்தது. நம் வடபகுதியில் பல்லவர் காலத்திலிருந்து இன்றைய தமிழ் எழுத்தின் முன்னோர் நிலைத்தார்கள். முதலாம் இராசராசன் பாண்டிய நாட்டைப் பிடித்த பிறகு அங்கேயும் வட்டெழுத்து மெல்ல ஒதுங்கியது.

அடுத்தது ஓலை. பனைக்குப் பஞ்சமே இல்லாத கரை இது. ஓலையின் நரம்பு நீளவாக்கில் ஓடும். அதே திசையில் எழுத்தாணியை அழுத்தி நேர்க்கோடு இழுத்தால் ஓலை கிழியும். அதனால்தான் தென்னாட்டு எழுத்துகள் வளைந்தன என்று நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தந்தார்கள். இதில் உண்மை உண்டு, ஆனால் முழு உண்மை இல்லை. 'ட', 'ப', 'ம' மூன்றையும் பாருங்கள். அடியில் சப்பென்று படுத்த கோடு இருக்கிறதே! ஒடியா எழுத்தைப்போல் தமிழ் முழுக்க உருண்டுவிடவில்லை. ஓலை நமக்குத் தந்த பெரிய குணம் வேறு. எழுத்தாணி போன தடத்தில் கரியைப் பூசித் துடைத்தால் நூல் பிடித்தாற்போல் ஒரே அளவான கோடு வரும். சுழி எத்தனை சுழித்தாலும் தடிமன் மாறாது. நம் டிராயிங் ஷீட் எழுத்தின் முதல் பாதிக் குணம் இதுதான்.

புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும் என்று ஏட்டில் புள்ளியை விட்டுவிடுவார்கள். 'எ'யா 'ஏ'யா என்று இடம் பார்த்துத்தான் படிக்கவேண்டும். இந்தச் சங்கடத்தைத் தீர்த்தவராக அறியப்படுபவர் வீரமாமுனிவர் (1680–1747). நெட்டெழுத்துக்கு இன்று நாம் போடுகிற இரட்டைச் சுழிக் கொம்பு அவர் பெயரோடு வருவது.

அச்சு வந்தது, தடிப்பும் வந்தது

1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தமிழில் அச்சேறிய பழைய நூல்களில் ஒன்று. மொத்தமே 16 பக்கம். அதற்குப் பிறகு நம் கரைக்கே அச்சு வந்தது தரங்கம்பாடி வழியாக. 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்கு அச்சகம் வைக்க ஆசைப்பட்டு, 1713-ல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்து சேர்ந்தன. எழுத்து பெரிசு, காகிதமோ கிடைப்பதரிது. அதனால் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். காகிதச் செலவு எழுத்தின் உருவத்தை மாற்றியது என்பதை ஒரு பொறியாளராக நான் ரசிக்கிறேன். எஸ்டிமேட் அன்றைக்கும் உண்டு!

1760-ல் மரக்காணத்துக்குச் சற்று வடக்கே உள்ள ஆலம்பரைக் கோட்டையை ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்து இடித்தார்கள். அடுத்த வருஷம் 1761-ல் புதுச்சேரி விழுந்தது. அங்கிருந்த அச்சுப்பொறி சென்னைக்குப் போய், வேப்பேரியில் பாதிரியார் பெப்ரீசியஸ் கையில் வந்தது. சர்க்கார் வேலை கேட்டால் அச்சடித்துத் தரவேண்டும் என்பது நிபந்தனை. வேப்பேரி அச்சுக்கூடம் பிறந்த கதை இது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். எழுத்து ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் இளைக்கும். முனைகள் கூராக வெட்டி நிற்கும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஓலையில் இருந்த சமமான கோடு போய்விட்டது. 1930களில் மலாயாவில் இருந்த யாழ்ப்பாணத் தமிழர் முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப் பொறி வந்தபோது, சமமான கோடு வேறு வழியாகத் திரும்பி வந்தது. பெரியார் 1935-ல் 'குடி அரசு' இதழில் தொடங்கிய சீர்திருத்தத்தை, 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கியது. 'ணா', 'றா', 'னா', 'லை', 'னை' முதலான 13 எழுத்துகள் மாறின. துதிக்கை தூக்கிய பழைய 'லை' ஓய்வு பெற்றது. அச்சுக்கோப்பவருக்குப் பெரிய நிம்மதி. சுழிப் பிரியர்களுக்குக் கொஞ்சம் வருத்தம்.

பிரஷ் பிடித்த கை

புத்தகத்துக்கு வெளியே நடந்த கதையை யாரும் அதிகம் எழுதுவதில்லை. அச்சகம் எட்டாத இடத்தில், சுவரிலும் தகரத்திலும் மரத்திலும் தமிழை எழுதியவர்கள் பெயிண்டர்கள்தான். நூல் அடித்து, சாக்பீஸால் லேசாக வரைந்துகொண்டு, கைக்கு முட்டுக்கொடுக்க ஒரு குச்சி வைத்து, எனாமல் பெயிண்டைத் தோய்த்து ஒரே இழுப்பில் இழுப்பார்கள். பிரஷ்ஷை வைக்கிற இடத்திலும் எடுக்கிற இடத்திலும் தானாகவே ஒரு உருட்டு விழும். ஓலையில் வந்த சமமான கோட்டோடு பிரஷ்ஷின் உருண்டை முனை சேர்ந்தது. நம் சிரித்த முக எழுத்து முழுசாகப் பிறந்த இடம் இதுதான் என்பது என் துணிபு. அதைப் பெற்றுக் கொடுத்தது கம்ப்யூட்டர் இல்லை. தெருவில் நின்று வேலை செய்த கை.

பத்திரிகைக்காரர்களுக்கும் இது தெரிந்திருந்தது. உள்ளே ஈய எழுத்தில் கதை ஓடினாலும், கதைத் தலைப்பை ஓவியரிடம் கொடுத்துக் கையால் எழுதி வாங்குவார்கள். ஓவியர் ஆதிமூலம் (1938–2008) சிற்றிதழ்களுக்கும் புத்தக அட்டைகளுக்கும் எழுதிய தலைப்பெழுத்துகளைப் பார்த்தவர்கள், எழுத்தும் ஒரு சித்திரம்தான் என்று ஒப்புக்கொள்வார்கள்.

மரக்காணம் கரையில் இந்த எழுத்தைப் பார்க்கப் பலகை தேடவேண்டாம். குப்பத்துப் படகைப் பார்த்தால் போதும். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகின. வளைந்த பக்கத்தில் அம்மன் பெயர், பிள்ளைகள் பெயர், பதிவு எண் எல்லாம் கொழுத்த எழுத்தில் இருக்கும். அலையில் ஆடிக்கொண்டு வருகிற படகைக் கரையில் நிற்பவர் தூரத்திலேயே பெயர் படித்து அடையாளம் காணவேண்டும் அல்லவா? அதனால் அந்த எழுத்துக்கு ஒல்லியாக இருக்க அனுமதி இல்லை.

அப்புறம் ஃபிளெக்ஸ் வந்தது. காலையில் சொன்னால் மாலையில் பேனர் ரெடி. பெயிண்டர்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போனார்கள். சிலர் ஃபிளெக்ஸ் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தார்கள். கம்ப்யூட்டரிலோ அப்போது தமிழ் எழுத்துக்குப் பஞ்சம். 1990களில் பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு, ஆளுக்கு ஒரு குறியீடு. ஒரு இடத்தில் அடித்தது இன்னொரு இடத்தில் ஜாங்கிரி சுற்றியிருக்கும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் ஒரு ஒழுங்கு பேசப்பட்டது. யூனிகோடு வழக்கத்துக்கு வந்த பிறகுதான் சிக்கல் தீர்ந்தது. ஆனால் விண்டோஸோடு வந்த 'லதா' எழுத்துருவை வைத்து டீக்கடை போர்டும் கல்யாணப் பத்திரிகையும் எத்தனை நாள் ஓட்டுவது?

தம்பி வந்தான்

2016-ல் மும்பையைச் சேர்ந்த 'ஏக் டைப்' என்ற எழுத்துரு வடிவமைப்பாளர் குழு, 'பாலு' என்ற எழுத்துக் குடும்பத்தை கூகுள் எழுத்துருத் தொகுப்பில் வெளியிட்டது. இந்தியில் பாலு என்றால் கரடி. பெயருக்கேற்றபடி தடித்த உடம்பு, மழுங்கிய முனை. இந்திய எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் அந்தந்த மொழியில் சகோதரனை அழைக்கிற பெயரையே வைத்தார்கள். மலையாளத்துக்கு 'சேட்டன்', தெலுங்குக்கு 'தம்முடு', குஜராத்திக்கு 'பாய்', வங்காளத்துக்கு 'தா', பஞ்சாபிக்கு 'பாஜி'. நம் தமிழுக்கு? 'பாலு தம்பி'! தமிழ் எழுத்துகளை வடிவமைத்தவர் ஆதர்ஷ் ராஜன்.

முதலில் ஒரே தடிமனில் வந்தது. பின்னர் வந்த 'பாலு 2'-ல் ஐந்து தடிமன்கள். திறந்த உரிமத்தில் இலவசம். யாரும் இறக்கிக்கொள்ளலாம், மாற்றலாம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். அதே 2016-ல் பிரேசில் நாட்டு வடிவமைப்பாளர் மார்செலோ மகலேஸ் 'காய்னி' என்ற உருண்டை எழுத்துருவைத் தமிழோடு சேர்த்து வெளியிட்டார். இன்று யூடியூப் படங்களிலும், குழந்தைகள் புத்தகத்திலும், தின்பண்டப் பொட்டலத்திலும் இப்படிப்பட்ட எழுத்துகள் வலம் வருகின்றன. "புதுசா இருக்கே" என்கிறோம். புதுசு இல்லை, பெயிண்டரின் கை கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பி வந்திருக்கிறது.

தம்பியை எங்கே அழைக்கலாம், எங்கே அழைக்கக்கூடாது? நண்பர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். தூரத்தில் படிக்கவேண்டிய நாலு வார்த்தைக்கு இவன் கெட்டி. கடைப்பெயர், வகுப்பறைச் சுவர், பஸ் ஸ்டாண்டு அறிவிப்புக்கு இவனை நம்பலாம். ஆனால் பொட்டலத்தின் பின்பக்கத்துப் பொடி எழுத்துக்கும், பக்கம் பக்கமான கட்டுரைக்கும் கூடாது. காரணம் நம் எழுத்தின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. 'ன'வுக்கு இரண்டு சுழி, 'ண'வுக்கு மூன்று சுழி. கோடு தடிக்கத் தடிக்கச் சுழிக்குள் இருக்கிற வெள்ளை அடைபடும். அளவைச் சின்னதாக்கினால் மூன்றும் இரண்டும் ஒரே கறுப்புக் கட்டி! ஆங்கில எழுத்துக்கு வராத இந்தச் சிக்கல் நமக்கு உண்டு. நல்ல வடிவமைப்பாளர் 'ண'வை அகலமாக விடுவார், உள்கோடுகளை ஒரு நூல் இளைக்க வைப்பார். நல்ல பெயிண்டரும் யாரும் சொல்லித்தராமலே அதைத்தான் செய்தார்.

உப்பு பார்க்கிற இடம்

இனி நம் பாடத்துக்கு வருவோம். உப்புக் கரையில் இரும்பு படுகிற பாடு சிவில்காரனுக்குத்தான் தெரியும். அரிப்பை வகைப்படுத்துகிற ஐ.எஸ்.ஓ. 12944 விதியில், உப்பு மிகுந்த கடலோரம் சி5 என்ற கடுமையான வகுப்பில் வரும். அங்கே துரு எங்கே தொடங்கும்? தகட்டின் நடுவில் இல்லை, விளிம்பிலும் மூலையிலும்தான். ஈரமான பெயிண்ட் தன் பரப்பு இழுவிசையால் கூரான விளிம்பை விட்டு விலகிவிடும். அந்த இடத்தில் பூச்சு மெலிந்துபோகும். அதனால்தான் எஃகு வேலைக்கான ஐ.எஸ்.ஓ. 8501-3 விதி, உயர்ந்த தரத்துக்கு, விளிம்பைக் குறைந்தது 2 மி.மீ. ஆரத்துக்கு உருட்டச் சொல்கிறது. ஒட்டுகிற ஸ்டிக்கருக்கும் இதே நியாயம். கூரான மூலைதான் முதலில் எழும்பும். மூலையில் தகைவு குவியும் என்று 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' வகுப்பில் படித்தோமே, தூங்காமல் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்!

சில வருஷங்களுக்கு முன் மரக்காணம் பக்கம் ஒரு கால்வாய்க் கரையில் சிறு பாலம் ஒன்றுக்குத் தோண்டியிருந்தோம். உப்பளத்துக்குப் போகிற பெண்கள் குறுக்கு வழியாக இறங்குகிற இடம். ஒப்பந்தக்காரர் தரப்பில் ஒரு பலகை வைத்தார்கள். நீலத் தகட்டில் ஒல்லியான வெள்ளை ஸ்டிக்கர் எழுத்து. கம்பெனிப் பெயர் பெரிசு. "ஆழம், இறங்காதீர்" என்பது அடியில் சின்னதாக. ஒரு மழை முடிந்தபோது 'ழ'வின் கூரான வால் பிய்ந்து காற்றில் போய்விட்டது. மிஞ்சியது "ஆமம்". அதற்கு என்ன அர்த்தம்?

உப்பு வாருகிற ஓர் அம்மாவிடம், "பலகையைப் பாத்துட்டு மேல்வழியாப் போகலாமே அம்மா" என்றேன்.

"பஸ்ஸு போர்டு படிப்பேன் தம்பி. போட்டுல எழுதின பேரு படிப்பேன். இது எறும்பு ஊர்ற மாதிரி பொடிப்பொடியா இருக்குது. கிட்ட போய்ப் பாக்கறதுக்குள்ள சேத்துல எறங்கிடுவேனே!" என்றார்.

யோசித்துப் பாருங்கள். அந்த அம்மா எழுத்தறியாதவர் இல்லை. நடுவயதில் இரவு வகுப்பில் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டிப் படித்தவர். அவர் படித்துப் பழகிய எழுத்து பஸ்ஸிலும் படகிலும் இருக்கிறது. ஆபத்தைச் சொல்கிற எழுத்துதான் அவரிடம் பேசவில்லை. காலை வெயிலில், வெள்ளை உப்பின் கண்கூச்சத்தில், முப்பது மீட்டர் தள்ளி நின்று படிக்கவேண்டியவர் அவர். பலகை எழுதியவர் மனதில் இருந்ததோ ஆய்வுக்கு வருகிற அதிகாரி.

பக்கத்து ஊர்ப் பெயிண்டர் ஒருவரை வரவழைத்தோம். மஞ்சள் அடித்து, கறுப்பில் ஒரு சாண் உயரத்துக்கு "ஆழம்" என்று மட்டும் போட்டார். மூலைக்கு மூலை உருட்டு. 'ழ'வின் வாலை இழுத்துச் சுழித்துக் கொழுக்க வைத்தார். "வாலைச் சின்னதாப் போட்டா 'ம'ன்னு படிச்சிடுவாங்க சார்" என்றார், நான் கேட்காமலே. 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் இந்தக் கரையைக் கடந்த பிறகு போய்ப் பார்த்தேன். தகட்டின் ஓரமெல்லாம் துரு. எழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

நாம் செய்யக்கூடியது

நம்மில் பலர் இன்று துறைகளிலும் கம்பெனிகளிலும் கையெழுத்துப் போடுகிற இடத்தில் இருக்கிறோம். பாலம், மின்மாற்றி, கிணறு, ரசாயனத் தொட்டி என்று எதற்காவது ஒரு எச்சரிக்கைப் பலகைக்கு ஒப்புதல் கொடுக்காத ஆள் நம் சங்கத்தில் இருக்கமாட்டார். சாலைப் பலகைக்கு ஐ.ஆர்.சி. 67 என்ற விதிநூல் இருக்கிறது. வேலையிடத்து மற்றப் பலகைகள் பெரும்பாலும் கடைக்காரர் இஷ்டத்துக்கு விடப்படுகின்றன. அடுத்த முறை ஃபைல் வரும்போது மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். முதலாவது, இதைப் படிக்கவேண்டியவர் எவ்வளவு தூரத்தில் நிற்பார்? இரண்டாவது, ஆபத்தைச் சொல்கிற சொல் கம்பெனிப் பெயரைவிடப் பெரிசாக இருக்கிறதா? மூன்றாவது, 'ண'வும் 'ன'வும், 'ழ'வும் 'ம'வும் அந்தத் தூரத்தில் வேறு வேறாகத் தெரிகிறதா? கடலோரம் என்றால் நாலாவதாக, மூலைகளை உருட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

கம்ப்யூட்டரில் செய்வதானால் தம்பி இருக்கிறான், காசு கேட்கமாட்டான். ஊரில் பிரஷ் பிடிக்கிற ஒருவர் இன்னும் இருந்தால் அவரையே கூப்பிடுங்கள். கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். பானை ஓட்டில் கீறியவரும், ஓலையில் எழுதியவரும், படகில் பெயர் போட்டவரும் பழக்கிய கை அது. அதில் பாதி நாம் டிராயிங் ஹாலில் படித்த பாடம்தான். மீதிப் பாதியை அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.